மேற்கு வரப்புச் சுடுமல்லி

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் நம் ஹெர்பேரியத்தில் ஜன்னலோரம் நிற்கும் மூன்றாவது இரும்பு அலமாரியைத் திறந்தால், நடுத்தட்டில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஒட்டியிருப்பது ஒரு ஜாண் உயரம்கூட இல்லாத ஒரு சுடுமல்லிச் செடி. கறுத்துப்போயிருக்கும். காய்ந்தால் அந்தச் செடி அப்படித்தான் கறுக்கும், பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதறாதீர்கள். தாளின் வலது கீழ்மூலையில் லேபிள் இருக்கும். லேபிளுக்கு மேலே இன்னொரு சின்னச் சீட்டு. அந்தச் சீட்டில் உள்ள கையெழுத்து என்னுடையது. அதில் சொல்லியிருக்கும் தப்பும் என்னுடையதுதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "மேடம், உங்க அனுபவத்துல எங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றீர்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆளா நான்? செடியை எப்படி அழுத்துவது, எத்தனை நாள் உலர்த்துவது, எந்தப் பசை நல்லது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதை நான் தொடப்போவதில்லை. செடி கையில் இருக்கிறது, பேனா திறந்திருக்கிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

முதலில் ஓர் ஆட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பாகூர் ஏரிக்கரையில் பதினாலு செடி எடுத்துக்கொண்டு வில்லியனூரில் வந்து இறங்கினேன். அடுத்த டவுன் பஸ் வருவதற்குள் ஒரு டீ குடிக்கலாம் என்று பையைக் கல்பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஆடு நிற்கிறது. பன்னிரண்டாம் எண் செடி அதன் வாயில் பாதி, வயிற்றில் பாதி. அடப்பாவி ஆடே, காலையிலிருந்து வெயிலில் காய்ந்து எடுத்ததடா அது! ஃபீல்டு புக்கில் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே "சேதமாகிவிட்டது" என்று மரியாதையாக எழுதியிருக்கலாம். நான் "வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் ஆடு தின்றுவிட்டது" என்று உள்ளபடியே எழுதினேன். அதைப் படித்தவர்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். உண்மையை அப்படியே எழுதுகிறவள் என்று எனக்கும் என்னைப் பற்றிப் பெரிய நினைப்பு வந்துவிட்டது. ஆடு செய்த தப்பை எழுதுவது சுலபம் கண்ணுகளா. தன் தப்பை எழுதுவது வேறு விஷயம் என்று புரிய எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

சுடுமல்லி விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கச் சாதுவான செடி அது. சொரசொரப்பான ஒல்லி இலை, வெள்ளையாகச் சின்னப் பூ. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மண்ணுக்கு அடியில் அது செய்யும் வேலை வேறு. பக்கத்தில் இருக்கும் புல்லின் வேரையோ சோளத்தின் வேரையோ கரும்பின் வேரையோ பிடித்துக்கொண்டு உறிஞ்சும். கரும்பு மஞ்சளடித்து வளராமல் நின்றுபோகும். விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கொல்லையில் விழுந்துவிட்டால் வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். அந்த மண் ஒட்டிய கரும்புக் கரணையை, அதாவது நடுவதற்காக வெட்டிய துண்டை, வேறு கொல்லையில் நட்டால் அங்கேயும் போய்விடும். மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓர் ஐப்பசி மாதம், சுத்துக்கேணிக்குப் போயிருந்தேன். ஆற்று வண்டல் மண், கறுகறுவென்று இருக்கும். வரப்போரச் செடிகளைத் தொகுக்கும் வேலை. அங்கே தனபாக்கியம் என்ற அம்மாளின் கரும்புக் கொல்லையில்தான் முதலில் இறங்கினேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். முழங்கால் வரை சேற்றோடு மேற்கு வரப்பில் நின்றுகொண்டு, "இன்னா மேடம், புல்லப் புடுங்கிப் பேப்பர்ல சுத்தினுகீறீங்க? எங்கூட்டு மாடே அத்த மோந்து பாக்காது" என்றாள். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி, பெட்டியில் வைத்து, நாங்கள் போன பிறகும் இருக்கும் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது.

"அப்போ எந்தக் கொல்லைன்னு எழுதுவீங்களா?"

"எழுதுவேன்மா. பின்னால யார் பார்த்தாலும் தெரியணுமே."

"அப்போ என் பேரப் போடுங்க. எங்கப்பாரும் எங்கம்மாவும் இந்தக் கொல்லையிலதான் கூலிக்குக் களை வெட்டினாங்க. இப்போ என்னுது. பட்டாவுல கீது என் பேரு. உங்க பொட்டியிலயும் இருக்கட்டும்."

எழுதினேன். "சுத்துக்கேணி, தனபாக்கியம் கரும்புக் கொல்லை, மேற்கு வரப்பு." எண் ஒன்று. அடுத்து இரண்டிலிருந்து ஏழு வரைக்கும் இடம் என்ற கட்டத்தில் "மேற்படி". இந்த "மேற்படி" என்கிற வார்த்தை இருக்கிறதே, நம் தொழிலில் அதைப் போலச் சௌகரியமும் கிடையாது, அதைப் போல ஆபத்தும் கிடையாது. கை வலிக்கும்போது அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் பஸ் ஏறினேன். வில்லியனூருக்குத் திரும்பும் வழியில் ஒரு செம்மண் மேட்டருகே பஸ் பஞ்சர். டயர் மாற்றும்வரை சும்மா நிற்கத் தெரியுமா எனக்கு? மேட்டில் ஏறினேன். ஊசிப்புல்லுக்கு நடுவில் சுடுமல்லி! புதுச்சேரி கிராமப் பக்கத்தில் எங்கள் தொகுப்பில் அதுவரை அந்தச் செடி கிடையாது. கீழே கண்டக்டர் கத்துகிறார். வேரோடு பெயர்த்தேன், பேப்பரில் மடித்தேன், பஸ் படியில் நின்றபடியே ஃபீல்டு புக்கைத் திறந்து எட்டு என்று எண் போட்டேன். பூ வெள்ளை என்று எழுதினேன். இடத்துக்கு நேரே, ஈரக் கையோடு, "மேற்படி" என்று எழுதினேன். வீட்டுக்குப் போய்ச் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து லேபிள் அடித்தபோது பஸ்ஸும் பஞ்சரும் ஞாபகத்தில் இல்லை. மேலே என்ன இருக்கிறதோ அதுதானே மேற்படி? எட்டாம் எண்ணுக்கும் சுத்துக்கேணி, தனபாக்கியம் கரும்புக் கொல்லை, மேற்கு வரப்பு என்று அழகாக அடித்துக் கொடுத்தேன். அந்தப் பதிவைப் பற்றி நாலு இடத்தில் பெருமையாகப் பேசினேன். பிறகு எல்லாத் தாளையும் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, அதுவும் லேபிளோடு ஏறியது.

இரண்டு வருஷம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, தனபாக்கியம் ஹெர்பேரியக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பாச்சா உருண்டை நெடியில் இருமினாள். கையில் போன். திரையில் எங்கள் தாளின் படம்.

"மேடம், இதுல என் பேரு கீதுன்றாங்க. நெசமா?"

"ஆமாம்மா, நீதானே போடச் சொன்னே" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த வருஷம் முதல்முறையாக அவள் கொல்லையை விதைக்கரும்புக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஊரில் ஆறு குடும்பம் அவளிடம் கரணை வாங்கி நடுவதாகப் பேசி, தங்கள் நிலத்தை உழுது தயாராக வைத்திருந்தது. ஒரு காலத்தில் அவளுடைய அப்பாவைக் கூலிக்கு அழைத்த வீடுகளும் அதில் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் கரும்பு ஆபீசர் வழக்கப்படி விசாரித்திருக்கிறார். எங்கள் பதிவு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சுடுமல்லி இருந்த கொல்லையிலிருந்து விதைக்கரும்பு போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"என் கொல்லையில அந்தப் பூ நான் ஒருநாளும் பாத்ததில்ல மேடம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வூட்டுக்காரங்களும் என்னயப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. தெரிஞ்சே மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தியான்னு கேக்குறாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள வெட்டலன்னா கரும்பு முத்திப்பூடும், வெதைக்கு ஆவாது. கரும்பு போனாப் போவுது. இனிமே அந்த ஊர்ல என் பேச்ச எவன் நம்புவான்? பெருமையா இருக்கும்னு பேரக் குடுத்தேன். நீங்க இன்னா எழுதி வச்சிருக்கீங்க?"

சுர்ரென்றது எனக்கு. என் பதிவையே சந்தேகப்படுகிறாளே என்று கோபம்தான் முதலில் வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். "இருந்தது, எடுத்தேன், எழுதினேன். அது ஒரு வருஷம் முளைக்கும், ஒரு வருஷம் முளைக்காது" என்று அடித்துப் பேசினேன். பேசிக்கொண்டே பழைய ஃபீல்டு புக்கை எடுத்து விரித்தேன்.

ஒன்றிலிருந்து ஏழு வரை மை பளிச்சென்று இருந்தது. எட்டாம் எண்ணில் மை கரைந்து ஓடியிருந்தது.

ஏழாம் எண்ணை எழுதி முடித்த பிறகுதானே மழை பிடித்தது? ஏழுவரை காய்ந்த கையில் எழுதியிருக்கிறேன், எட்டை மட்டும் ஈரக் கையில். பஸ் படி, பஞ்சர், கண்டக்டரின் கத்தல் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தனபாக்கியத்திடம் "உட்காரும்மா, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனேன்.

இப்போது நான் செய்யப் பார்த்ததைச் சொல்கிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். வெந்நீர் தொட்டு வைத்தால் பழைய லேபிளை நோகாமல் உரித்துவிடலாம். புது லேபிள் அடித்து ஒட்டி, கம்ப்யூட்டரில் படத்தையும் மாற்றிவிட்டால், பத்து நிமிஷ வேலை. அந்த அம்மாளுக்கும் நல்லது, என் பெயருக்கும் கேடில்லை. யாருக்கு நஷ்டம்? நல்ல காரணத்துக்காகத்தானே செய்கிறேன் என்று மனசு எனக்கு வக்கீல் வேலை பார்த்தது.

அந்த அறையில்தான் எங்கள் மவுண்டர் உட்கார்ந்திருப்பார். வெளியே பேசுவது எல்லாம் அங்கே கேட்கும். காய்ந்த செடியைத் தாளில் ஒட்டித் தைப்பது அவர் வேலை. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் மவுண்டர் அண்ணன் என்றே சொல்கிறேன். நானும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் நாள் தவறாமல் சண்டை. ஒட்டும்போது செடியிலிருந்து உதிரும் மண், சருகு, வேர்த்துண்டு எதையும் அவர் கொட்ட மாட்டார். ஒரு காகிதத்தைப் பொட்டலமாக மடித்து, அதற்குள் போட்டு, தாளின் மூலையில் ஒட்டிவிடுவார். "குப்பைக்கும் ஒரு கவரா அண்ணே?" என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

"அண்ணே, இந்த லேபிள் தப்பு. கொஞ்சம் உரிச்சுக் குடுங்க" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார். "ஒட்டுறதுதாம்மா என் வேல. உரிக்கிறது இல்ல" என்றார்.

"அய்யோ, வெளியில ஒரு பொம்பள அழுதுகிட்டு இருக்கா அண்ணே. அவ கரும்பு வெள்ளிக்கிழமையோட போயிடும்."

"அதுக்குத்தான் சொல்றேன். அந்த ஆபீசர் போன்ல பழைய லேபிள் கீது. ஊர்ல பாதிப் பேர் போன்ல கீது. இங்க உரிச்சுட்டு வேற ஒட்டினா இன்னா சொல்லுவான்? அந்தம்மா வந்து அழுதுச்சு, இவங்க மாத்திக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவான். ஜென்மத்துக்கும் அந்தம்மாவ நம்ப மாட்டான். உங்களையும் நம்ப மாட்டான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, எப்போதும் போலத் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: "பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

நான் கெட்டிலை அணைத்தேன்.

தாளின் இடது மூலையில் பொட்டலம் இருந்தது. வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பிரித்தோம். செம்மண். குன்றிமணி அளவில் நாலைந்து சரளைக் கல். சுடுமல்லியின் வேர் கவ்விக்கொண்டிருந்த புல்லின் அடித்துண்டு ஒன்று. ஊசிப்புல்லின் முறுக்கிய முள் இரண்டு. புடவையில் குத்திக்கொண்டு நம்மை வீடு வரைக்கும் தொடருமே, அதே முள்தான். கரும்பு வேர் ஒன்றுகூட இல்லை. கறுப்பு வண்டல் ஒரு பொட்டுகூட இல்லை. கிண்டல் செய்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணே" என்றேன். "சரி சரி, ஆவற வேலயப் பாருங்க" என்றார்.

வெளியே வந்து தனபாக்கியத்திடம், "தப்பு என்னுது" என்று சொன்னேன். அந்த இரண்டு சொல்லும் வாயிலிருந்து வருவதற்குள் என் உயிர் போய் வந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அத்த எழுதிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தச் செம்மண் மேட்டைத் தேடிப் போனேன். செடி அங்கே இன்னும் இருந்தால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஆனால் மேடே இல்லை. ரோட்டை அகலப்படுத்தி, மேட்டை வெட்டி, லாரி லாரியாக மண்ணை எடுத்துப் போயிருந்தார்கள். எந்த வளைவில் பஸ் நின்றது என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே மாதிரி தார் ரோடு.

பிள்ளைகளே, இப்போது சீட்டில் எந்த இடத்தை எழுதுவது? அந்த ரோட்டில் ஏதாவது ஓர் ஊரின் பெயரைப் போட்டிருக்கலாம். பதிவு பிழைத்திருக்கும், நம் பக்கத்தின் முதல் சுடுமல்லி என்ற என் பெருமையும் பிழைத்திருக்கும். இடம் இல்லாத செடி நம் தொழிலில் வெறும் வைக்கோல், உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பொய்யான ஊரை எடுத்துவிட்டு இன்னொரு ஊகமான ஊரை வைத்தால், அந்த ஊரில் இன்னொரு தனபாக்கியம் இருக்க மாட்டாளா? நான் எழுதினேன்: "கீழேயுள்ள லேபிளில் இடம் தவறு. இச்செடி சுத்துக்கேணியில் எடுக்கப்பட்டதல்ல. சாலையோரச் செம்மண் மேட்டில், ஊசிப்புல்லின் வேரில் எடுத்தது. ஊர் உறுதியில்லை. தவறு சேகரித்தவருடையது." கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். பழைய லேபிளைத் தொடாமல் அதற்கு மேலே மவுண்டர் அண்ணன் ஒட்டினார். நம் வழக்கம் அதுதான். பழையதை அழிக்கக் கூடாது, புதியதை உங்கள் பெயரோடு பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டி முடித்ததும் நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். என் வேலையில் நான் மிகவும் பெருமைப்பட்ட தாள் அது.

தாள் வெளியே போகும் வழக்கமில்லை. ஹெர்பேரியத்தின் தலைவரிடம் நின்று வாதாடி அனுமதி வாங்கினேன். புதன்கிழமை, இரண்டு அட்டைக்கு நடுவில் தாளைக் கட்டி, மவுண்டர் அண்ணன் மடியில் வைத்துக்கொள்ள, நானும் அவரும் தனபாக்கியமும் டவுன் பஸ்ஸில் சுத்துக்கேணி போய் இறங்கினோம். ஆபீசரும் வந்திருந்தார். ஆறு குடும்பத்துக்காரர்களும் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்கள எல்லாம் இன்னான்னு நெனச்சுகினு கீறீங்க?" என்றார் அவர்களில் ஒருவர். "அன்னிக்கு இருக்குதுன்னீங்க, இன்னிக்கு இல்லன்றீங்க. அந்தம்மா வந்து அழுதா மாத்திடுவீங்களா?"

தாளை விரித்து ஆபீசரிடம் காட்டினேன். சின்னப் பையன்தான், ஆனால் நிதானமானவர். தன் போனில் இருந்த படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய லேபிள் அப்படியே இருப்பதைப் பார்த்தார். மேலே ஒட்டிய சீட்டைச் சத்தமாகப் படித்தார். "தவறு சேகரித்தவருடையது" என்ற இடத்தில் நிறுத்தி, "இது யாரு மேடம்?" என்றார்.

"நான்தான்."

பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினேன். குனிந்து வரப்பிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தேன். ஒரு கையில் சிவப்பு, ஒரு கையில் கறுப்பு. கரும்புக்காரர்களுக்கு மண்ணைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் கேள்வி கேட்டவரே கிட்டே வந்து செம்மண்ணை விரலால் நெருடிப் பார்த்தார். "இது நம்மூரு மண்ணு இல்ல" என்றார்.

"லேபிளக் கிழிச்சுட்டு வேற ஒட்டியிருந்தீங்கன்னா நான் திரும்பிப் போயிருப்பேன் மேடம்" என்றார் ஆபீசர். மவுண்டர் அண்ணன் கரும்புத் தோகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீசர் அத்தோடு விடவில்லை. சாலு சாலாகக் கொல்லை முழுக்க நடந்தார், நாங்களும் நடந்தோம். சுடுமல்லி ஒன்றும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை கரும்பை வெட்டினார்கள். ஆறு குடும்பமும் கரணை எடுத்துக்கொண்டது.

இதைச் சொன்னால் உங்களில் ஒருத்தி உடனே, "இப்பல்லாம் போன்லயே லொகேஷன் விழுந்துடும் மேடம், இந்தத் தப்பே வராது" என்பாள். அடி என் கண்ணே, படத்தை எங்கே நின்று எடுத்தாயோ அந்த இடத்தைத்தான் போன் சொல்லும். மழைக்குப் பயந்து செடியைப் பஸ்ஸில் வைத்துப் படம் எடுத்தால், அது பஸ்ஸில் முளைத்ததாகத்தான் சொல்லும். மேற்படிக்கு இப்போது புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். தப்பு செய்தேன், ஒப்புக்கொண்டேன் என்று ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலம். தனபாக்கியம் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கையில் போன் இல்லை, பேப்பரில் சுற்றிய ஒரு கட்டு. என் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். மூன்று சுடுமல்லிச் செடிகள், வெள்ளைப் பூவோடு. வேர் அறுபடாமல், பிடித்திருந்த வேரோடு சேர்த்து, நான் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடியே பெயர்த்து எடுத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பிடித்திருந்தது கரும்பு வேரை.

"எங்கேம்மா எடுத்தே?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என் கொல்லதான். மேக்கு வரப்பு" என்றாள். "வண்டிப் பாதையில செம்மண்ணு கொட்டி ரொப்பினாங்க இல்ல, அதுக்கப்புறம்தான். காய் புடிக்கறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் புடுங்கிட்டேன். எரிச்சும் போட்டேன். இந்த மூணு உங்களுக்கு."

"விதைக்கரும்பு?"

"இந்த வருசம் என்கிட்ட வாங்காதீங்கன்னு ஆறு வூட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன். ஆபீசருக்கும் போன் போட்டுட்டேன். அடுத்த வருசமும் வாணாம்னுட்டாரு. அப்புறம் பாக்கலாம்."

எனக்குத் தாங்கவில்லை. "ஏன்மா, பூ விட்டதும் பிடுங்கி எரிச்சுட்டேன்னு சொல்றே. யார்கிட்டயும் சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும்தான் வெந்நி வச்சு உரிச்சிருக்கலாம்."

நான் திரும்பி மவுண்டர் அண்ணனைப் பார்த்தேன். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் மடியில் தாளை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என் காதில் விழாமல் அவளிடம் என்னவெல்லாம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்! அவர் மும்முரமாகப் பசை கலக்கிக்கொண்டிருந்தார்.

செடிகளை அழுத்தி வைத்தோம். உலர்ந்ததும் தகவல் சொல்லி அனுப்பச் சொல்லியிருந்தாள், அனுப்பினேன். லேபிள் எழுதும் அன்று அவளும் வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது, நான் ஏறி நின்ற அதே மேட்டிலிருந்தா என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அதை நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதினேன். செடி சுடுமல்லி. பூ வெள்ளை. கரும்பின் வேரில். சேகரித்தவர் என்ற இடத்தில் வழக்கம்போல என் பெயரைப் போடப் போனேன். பேனா நின்றது. அங்கே அவள் பெயரை எழுதினேன். பிறகு இடம் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"மேடம்" என்றாள். "அங்கயும் என் பேர முழுசா எழுதுங்க. மேற்படின்னு போட்டுடாதீங்க."

எழுதிக் கொடுத்தேன். அவள் லேபிளை வாங்கி, எழுத்துக் கூட்டி, விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். சுத்துக்கேணி. தனபாக்கியம் கரும்புக் கொல்லை. மேற்கு வரப்பு. நாலைந்து வருஷத்துக்கு முன் நான் தப்பாக அடித்துக் கொடுத்த அதே வரிகள், ஓர் எழுத்து மாறாமல். படித்து முடித்து மவுண்டர் அண்ணனிடம் நீட்டினாள்.

"இப்ப சரியா கீது" என்றாள். "ஒட்டுங்க."